ஆளில்லை என்று கண்டுபிடித்த விபரம்

உ
சிவமயம்

பாலையூற்று,
திருகோணமலை.
ஆடி 5ஆம் திகதி

அன்புத் தம்பி இராசையாவுக்கு,

உன் மூத்த அக்கா நல்லம்மா எழுதிக்கொள்வது. எனக்கு இடது முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் சொல்கேட்டு நடக்கின்றன. ஜேர்மனியில் உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பத்திரகாளி அம்மன் குளிரைக் குறைத்து ஆயுளைக் கூட்டித் தருவாளாக. இந்தக் கடிதத்தை உன் மனைவி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து வாசிக்கவும். அவள் நல்ல பிள்ளை, அதில் எனக்குச் சந்தேகமில்லை; அவளுடைய தொலைபேசியில்தான் சந்தேகம். நான் இங்கே தும்மினால் கனடாவில் இருக்கிற அவளுடைய தங்கச்சி எனக்கு எடுத்துத் தடிமனோ என்று கேட்கிறாள். அதனால்தான் வட்ஸ்அப்பில் கதைக்காமல், நீ மறந்தே போயிருக்கக்கூடிய முறையில், பேனை பிடித்து எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நிற்பாட்டப்பட்டவள்தான், ஆனால் அந்த ஐந்தாம் வகுப்பில் முதலாம் பிள்ளை. நீ பத்தாம் வகுப்பை ரசித்து இரண்டு தரம் படித்தவன். ஆகவே எழுத்துப் பிழை பார்க்காமல் விஷயத்தைப் பார்.

விஷயம் மேனுஜா. என் மகளின் மகள் உன் வீட்டிலிருந்து ஒரு மணித்தியால ரயில் ஓட்டத்தில் இருந்து ஆராய்ச்சி செய்கிறாள் என்பது உனக்குத் தெரியும். என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்பது உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், வைகாசியில் சிவகாமிப்பிள்ளை வந்துபோன கதை. சம்பூரில் எங்களுக்குப் பின்வளவில் இருந்த அதே சிவகாமிப்பிள்ளைதான். இப்போது உவர்மலையில் மாடிவீடு கட்டி இருக்கிறா. மகன் நிசாந்தன் நோர்வேயில் பொறியியலாளன், அவனுக்குத்தான் பெண் கேட்டு வந்தா. பையனில் ஒரு குறையும் இல்லை, நான் மூன்று பேரிடம் விசாரித்துவிட்டேன், மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொன்னதுதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. சிவகாமிப்பிள்ளை நல்ல கதிரையில் இருந்து, தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டு, விசாரணையைத் தொடங்கினா.

"பிள்ளை அங்கை என்ன செய்யிறா?"

"ஆராய்ச்சி."

"என்னத்தை ஆராயிறா?"

"ஆகாசத்திலை ஒரு சாமான். கரும்பொருள் எண்டு பேர். இன்னும் ஒருத்தரும் காணேல்லை."

"உங்கட பேத்தி கண்டிட்டாவோ?"

"இல்லை. அவளும் காணேல்லை."

"எத்தினை வரியமாத் தேடுறா?"

"அஞ்சு."

கோப்பையை மேசையில் வைத்துவிட்டா. "அப்ப வேலையால நிப்பாட்ட மாட்டினமோ?"

"ஏன் நிப்பாட்டோணும்? இல்லாத இடத்திலை இல்லையெண்டு வடிவாக் காட்டினதுக்குப் பரிசெல்லோ குடுத்தவை!"

அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்கு மனசிலை வேறை எண்ணம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவள் என்ர கையிலை வளந்தவள். அவளின்ர மனசுக்குள்ளை என்ன இருக்கெண்டு அவளுக்கு முதல் எனக்குத் தெரியும்" என்று, வீட்டுக் கூரை கேட்கச் சொல்லிவிட்டேன். அவ, "அப்ப ஆவணி முதலாம் திகதி வாறம், உங்கட வாயாலை ஓம் எண்டு சொல்லுங்கோ" என்று எழும்பிப் போய்விட்டா. அவ படலையைச் சாத்தின பிறகுதான், மிச்சத் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு என்னையே கேட்டேன். உண்மையில் எனக்குத் தெரியுமா?

ஏனென்றால் தம்பி, மூன்று மாதமாக அந்தப் பிள்ளை சந்தோசமாக இருக்கிறாள். நீ சிரிப்பாய், சந்தோசமாக இருந்தால் நல்லதுதானே என்று. அளவோடு இருந்தால் நல்லது. ஐந்து வருடமாக ஒன்றையும் காணாத பிள்ளைக்கு, ஒரு அறையில் தனிய இருந்து பாணும் முட்டையும் தின்கிற பிள்ளைக்கு, கண்ணால் காணுகிற காரணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் இவ்வளவு சந்தோசம் வர நியாயமில்லை. காணாத காரணம் ஒன்று இருக்க வேண்டும். இப்படி யோசிக்க எனக்குச் சொல்லித் தந்ததே அவள்தான்.

அவளுடைய ஆராய்ச்சியைச் சொல்கிறேன், கவனமாக வாசி. இந்தக் கரும்பொருள் வெளிச்சம் விடாது, வெளிச்சத்தை மறிக்கவும் மாட்டாது, ஆனால் பாரம் இருக்கிறது. "அப்ப இருக்கெண்டு எப்பிடியடி தெரியும்?" என்று கேட்டேன். "நட்சத்திரங்கள் ஓடுற வேகத்திலை தெரியும் அம்மம்மா. காணுற பாரம் மட்டும் இருந்தா அந்த வேகத்துக்கு எப்பவோ சிதறியிருக்க வேணும். ஏதோ ஒண்டு பிடிச்சு வைச்சிருக்கு" என்றாள். இது எனக்கு உடனே விளங்கிவிட்டது. உன் அத்தான் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் லோஞ்சுப் படகு ஓட்டினவர். காற்று ஒரு பொட்டும் இல்லாத நாளில் உள்துறையில் கட்டியிருக்கிற வள்ளங்கள் திடீரென்று ஆடத் தொடங்கும். அவர் திரும்பியும் பார்க்காமல், "வளைவுக்கு அங்காலை பெரிய கப்பல் ஒண்டு திரும்புது" என்பார். கப்பலைக் காணவில்லை, ஆட்டத்தைக் கண்டார். அது சரி. ஆனால் அது என்ன கப்பல், எந்த நாட்டுக் கப்பல் என்று ஆட்டத்தை வைத்துச் சொல்ல ஏலாது. அதுபோல இந்தக் கரும்பொருள் எந்த வகைத் துகளால் ஆனது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்களாம் படித்தவர்கள். ஒரு கதையின்படி, அந்தத் துகள்கள் இரண்டு ஒன்றையொன்று சந்தித்தால் இரண்டும் அழிந்து, காமாக் கதிர் என்று கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வரும். துகள் இவ்வளவு பாரம், இத்தனை தரம் சந்திக்கும் என்றால், இவ்வளவு வெளிச்சம் வர வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. பூமியைச் சுற்றுகிற கருவி ஒன்று வருடக்கணக்காக அந்த வெளிச்சத்தைப் பிடித்து அனுப்புகிறது. கணக்குப்படி வெளிச்சம் வரவில்லையென்றால் அந்தக் கதையை வெட்டி எறியலாம். மேனுஜாவின் வேலை, வெட்டி எறிவது.

ஆனால் எங்கே பார்ப்பது என்பதில்தான் கெட்டித்தனம். எங்கள் நட்சத்திரக் கூட்டத்தின் நடுவில் வெளிச்சம் மிச்சமாக வருகிறதாம். உடனே துள்ளக்கூடாதாம். அங்கே கோயில் திருவிழா மாதிரி ஆயிரம் சாமான் எரிகிறது. செத்துப்போன நட்சத்திரங்கள் பம்பரம் மாதிரிச் சுழன்றாலும் அதே வெளிச்சம் வரும். அதனால் இவள் பார்ப்பது குட்டிக் கூட்டங்களை. அங்கே நட்சத்திரம் கொஞ்சம், எரிகிறது ஒன்றுமில்லை, கரும்பொருள் மட்டும் நிறைய. அங்கே ஒரு பொட்டு வெளிச்சம் வந்தாலும் அதற்குச் சாட்டுச் சொல்ல வேறு ஆளில்லை.

இதைக் கேட்ட அன்றே எனக்கு வழி பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டிலிருந்து அவள் வீடியோவில் கதைக்கும்போது அவள் சிரிப்பதைப் பார்த்து ஒன்றும் சொல்ல ஏலாது. உன் பிள்ளைகள் குதிக்கிறார்கள், நீ பின்னால் நின்று பகிடி விடுகிறாய், அது திருவிழா. பார்க்க வேண்டியது அவள் தனிய இருக்கிற நேரத்தை. ஆகவே செவ்வாயும் வியாழனும் பின்னேரம் இரண்டு மணிக்கு, அங்கே அவளுக்குக் காலை பத்தரை, முன்னறிவித்தல் இல்லாமல் எடுக்கத் தொடங்கினேன். ஒற்றை றூல் கொப்பி ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். பக்கத்து வளவு றுக்கியாவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டேன். பதினைந்து வருடப் பழக்கம், கண் கூர்மை, வாய்தான் நீளம். கொப்பியைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க அஞ்சாம் வகுப்போட நின்டது ஊர் செஞ்ச புண்ணியம். ஆறாம் வகுப்பும் படிச்சிருந்தா இந்த ஒழுங்கையில ஒரு மனிசருக்கும் நிம்மதி இருந்திருக்காது" என்றாள்.

முதல் கிழமையே அம்பிட்டது. குசினி மேசையில் இரண்டு கோப்பை. ஒரு ஆள், இரண்டு கோப்பை. றுக்கியா என் கையைக் கிள்ளினாள். நான் குரலை மாற்றாமல், "என்ன பிள்ளை, இரண்டு தரம் தேத்தண்ணி குடிச்சியோ?" என்றேன். அவள், "இது பக்கத்து அறைப் பிள்ளையின்ர கோப்பை" என்று சொல்லி, போலந்து நாட்டுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுக் காட்டினாள். பனை உயரம். அது தலையைக் குனிந்து வந்து, "வணக்கம் அம்மம்மா" என்றது. கோப்பையை வெட்டிவிட்டேன். அடுத்தது, கதைத்துக்கொண்டிருக்கும்போது கண் இடது பக்கம் போகிறது, ஒரு சிரிப்பு வருகிறது. ஐந்து அழைப்பில் நாலு தரம். இடது பக்கம் யார்? "அங்கை என்னத்தைப் பார்த்துச் சிரிக்கிறாய்?" என்று கேட்க, தொலைபேசியைத் திருப்பினாள். உடுப்புத் தோய்க்கிற மெசின், சுழலுகிற வேகத்தில் ஆடி ஆடிக் குசினிக்குள் நடந்து வருகிறது. நானே சிரித்துவிட்டேன். வெட்டியாயிற்று. மூன்றாவதுதான் பாரதூரமானது: ஆண் இருமல். இரண்டு தரம் கேட்டது. றுக்கியா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது கலியாணம் கட்டின இருமல்" என்றாள். விசாரித்தால் மேல்வீட்டுக்காரக் கிழவன், வயது எண்பத்தொன்று, தளம் பலகையானதால் சத்தம் கீழே கேட்குமாம். அவரையும் வெட்டினேன், வயதை எழுதி வைத்துவிட்டு.

அப்போதுதான் மேனுஜா முன்பொருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. சாதாரண சாமான்களிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வரும் என்று முதலில் தெரிய வேண்டும், அது தெரியாமல் மிச்சம் எது என்று சொல்ல ஏலாது. சரியான கதை. மனசில் ஆளில்லாத பிள்ளை எவ்வளவு சிரிக்கும் என்று தெரியாமல் இவளின் சிரிப்பை எதோடு நான் ஒப்பிடுவது? றுக்கியாவிடம் கேட்டேன். அவள் நெஞ்சில் கை வைத்து, "எங்கட ஜெஸீமாவ விட ஆளில்லாத புள்ள இலங்கையில இல்ல" என்றாள். ஜெஸீமா றுக்கியாவின் தங்கச்சியின் பேத்தி, கண்டியில் விடுதியில் நின்று படிக்கிறாள். எடுத்தோம். முதல் அழைப்பிலேயே அந்தப் பிள்ளை பதினொரு தரம் சிரித்தது. இரண்டு தரம் "பொறுங்க பெரியும்மா" என்று சத்தத்தை மூடியது. ஒருதரம் தொலைபேசியைக் கவிழ்த்தே வைத்துவிட்டது. நான் ஒவ்வொன்றாக எழுத எழுத றுக்கியாவின் முகத்தில் இரத்தம் வற்றியது.

"அக்கா, கொப்பிய மூடுங்க."

"பொறு, பன்னிரண்டாவது வருது."

"மூடுங்க எண்டு சொல்றன்!"

அன்று பின்னேரமே றுக்கியாவின் தம்பி கருவாட்டுப் பொதி ஒன்றோடு கண்டி பஸ் ஏறினார், சும்மா பார்த்துவிட்டு வருவதாகச் சாட்டு. விடுதி வாசலில் நின்று பார்த்தால் விஷயம் வேறு. பெரியவர்களோடு கதைக்கும்போது எதிரில் நின்று முகத்தைக் கோணிச் சிரிக்க வைப்பது அந்த அறைப் பிள்ளைகளின் விளையாட்டாம். ஜெஸீமாவுக்கு எதிரில் நாலு பேர் நின்றிருக்கிறார்கள். ஆளில்லாத பிள்ளைதான், நாடகம்தான் அதிகம். ஆனாலும் றுக்கியா இரண்டு கிழமை எனக்கு வட்டிலப்பம் தரவில்லை. "உங்கட பேத்திய அளக்க எங்கட புள்ளய ஏன் படிக்கல்லாக்கினீங்க?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எனக்குச் சொல்லாமல் கோழிக்குச் சொன்னாள். நானும் கோழியிடமே பதில் சொன்னேன்.

நட்டம் இருந்தாலும் உண்மை வெளித்தது. ஆளில்லாத பிள்ளை எங்கள் மேனுஜாவைவிட மூன்று மடங்கு சிரிக்கும். ஆறு கிழமை, பன்னிரண்டு அழைப்பு, கோப்பை, கண், இருமல் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. ஆகவே மேனுஜா தன் கட்டுரையில் முடிக்கிற மாதிரியே நானும் கொப்பியில் முடித்திருக்கிறேன். அப்படி ஒருவன் இருந்தாலும், அவன் கோப்பை மிச்சம் விடாத, இருமாத, வாரநாளில் பகலில் குசினிப் பக்கம் வராத, மேனுஜாவைச் சிரிக்கவும் வைக்காத ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவனால் எங்களுக்கு என்ன பயம்? சிவகாமிப்பிள்ளைக்கு ஓம் சொல்லலாம் என்பது என் முடிவு.

முடிவுதான். ஆனால் அந்தச் சந்தோசத்துக்கு மட்டும் நான் இன்னும் காரணம் காணவில்லை. அது உள்ளுக்குள் கிடந்து அரிக்கிறது. ஆகவே நீ ஒரு உதவி செய்ய வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு, அவள் உன் வீட்டுக்கு வரும்போது ஒன்றும் அறியாதவன் மாதிரி இருந்து, சாப்பிடும்போது தொலைபேசியை மேசையில் நிமிர்த்தி வைக்கிறாளா கவிழ்த்து வைக்கிறாளா, போகும்போது சாப்பாடு கட்டிக் கொண்டு போகிறாளா, கட்டினால் ஒரு வயிற்றுக்கா இரண்டு வயிற்றுக்கா என்று பார். உன் மனைவியை இதில் சேர்க்காதே. உன் முகத்தையும் கவனமாக வைத்திரு, உனக்குப் பொய் வராது, சின்ன வயதில் மாங்காய் களவெடுத்தாலும் நீயே முதலில் அழுவாய். ஆவணி பிறக்க முதல் எனக்கு எடு. ஆளிருந்தால் என் முழங்காலைப் பற்றி விசாரி, இல்லையென்றால் அங்கத்தைய மழையைப் பற்றிக் கதை. எனக்கு விளங்கும்.

ஒன்று மட்டும், தம்பி. அவளிடம் நேரே கேட்டுவிடாதே. நான் ஏன் கேட்கவில்லை என்று நீ நினைப்பாய். ஏழு வயதில், நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த முகாமில், தறப்பாளுக்குக் கீழே, என் மடியில் படுத்துக்கொண்டு அன்றைக்கு என்ன பயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பிள்ளை கண் மூடுவாள். இப்போது நான் கேட்டு, அவள் இல்லையென்று பொய் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நான் எதை வைத்துக்கொண்டு அவளோடு கதைப்பது? கேட்காமல் இருந்தால் பொய்க்கு இடமில்லை.

உன் பிள்ளைகள் தமிழ் மறக்காமலும், நீ பனியில் வழுக்காமலும், உன் மனைவியின் கைப்பக்குவம் ஊர் ருசி விட்டுப் போகாமலும் இருக்க, மூத்தவள் என்ற உரிமையில் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா,
ச. நல்லம்மா

பி.கு.: இதைத் தபால் கந்தோரில் நின்றுகொண்டு எழுதுகிறேன், எழுத்து ஆடும். முத்திரை ஒட்டி முடிய மேனுஜா எடுத்தாள். கட்டுரை வெளிவந்துவிட்டதாம். "அம்மம்மா! பதினாலு குட்டிக் கூட்டம் பார்த்தம், ஒண்டிலையும் இல்லை!" என்று கத்துகிறாள், வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். அவளின் சந்தோசத்தில் எனக்கும் வாய் தவறிவிட்டது. "நானும் ஆறு கிழமை பார்த்தன், எனக்கும் ஒண்டும் அம்பிடேல்லை" என்றேன்.

"என்னத்தைப் பார்த்தனீங்கள்?"

"ஆளை."

அங்கே ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மம்மா, ஆள் இருக்கு."

நான் பக்கத்தில் இருந்த வாங்கில் குந்திவிட்டேன். இரண்டு வருடமாம். பேர் சசி. வனாந்தரத்தில், நமீபியா என்று ஒரு தேசத்தில், காமாக் கதிர் பிடிக்கிற கருவியில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருதரம்தான் ஜேர்மனிக்கு வருவானாம், குசினியில் எப்படி அம்பிடுவான்? எந்த ஊர் என்றேன். சாம்பல்தீவு. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட இல்லை. கொப்பிக் கதையைச் சொன்னேன். சிரித்தாள், ஆனால் பகிடி பண்ணவில்லை. "நீங்கள் செய்தது சரியான வேலை அம்மம்மா. பார்த்த இடத்திலை இல்லையெண்டுதான் காட்டியிருக்கிறியள். அதுக்கு வெளியிலை இருக்கலாமெல்லோ? நாங்களும் அப்பிடித்தான் எழுதுறனாங்கள்" என்றாள்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே. கேட்டிருந்தா நான் உங்களுக்குப் பொய் சொல்லுவனோ?"

வாங்கில் இருந்த ஒரு பெண் தன் கைலேஞ்சியைத் தந்தா, வாங்கிக் கண்ணைத் துடைத்தேன்.

இனி உன்னுடைய விஷயம். போன சித்திரை வருடப்பிறப்புக்கு, அவளின் சந்தோசம் தொடங்கின அதே நேரம், அந்தச் சசி உன் வீட்டில் இருந்து சாப்பிட்டானாம். நீதான் பரிமாறினாயாம். "அக்காவுக்கு நான் மூச்சும் விடமாட்டன்" என்று சத்தியமும் பண்ணினாயாம். உனக்குப் பொய் வராது என்று மேலே எழுதியிருப்பதை வெட்டிவிடவும். மற்றதையும் வாசிக்க வேண்டாம், முத்திரை ஒட்டின குற்றத்துக்காகத்தான் அனுப்புகிறேன்.

நான் இப்போது வீட்டுக்குப் போகவில்லை. ஓட்டோ பிடித்து நேரே உவர்மலைக்கு, சிவகாமிப்பிள்ளை வீட்டுக்குப் போகிறேன். ஆவணி மட்டும் அவவை நம்ப வைத்திருப்பது நியாயமில்லை. பிள்ளையின் மனசுக்குள் இருப்பதெல்லாம் தெரியும் என்றீர்களே, இது எப்போதிருந்து தெரியும் என்று அவ கட்டாயம் கேட்பா. கேட்ட நிமிசத்திலிருந்து தெரியும் என்று சொல்லப்போகிறேன்.